அனுபவம் தொடங்கிய திகதி

விண்ணப்பத்தின் நான்காவது கட்டத்தில்
பேனை நின்றுவிட்டது.

எதை எழுத?
பஞ்சிகாவத்தையில் கந்தவேள் முதலாளியின் கடைக்கு
பில் எழுத வந்த நாளையா?
எரிந்த சுருளை அறுத்து முன்னால் போட்டு
எத்தனை சுற்று, எண்ணித் தா என்ற நாளையா?
எண்ணி முடித்த கையோடு
புதுக் கம்பியை எடுத்து நானே சுற்றிவிட்ட
ஒருவரும் பார்க்காத அந்த மழை நாளையா?

முதல் மோட்டர் ஒரு பேக்கரியின் மா பிசையும் மெசின்.
ஜம்பட்டா வீதி. இன்றும் ஓடுகிறது.
அந்தப் பாணைத்தான் காலையில் தின்றுவிட்டு வந்தேன்.

ஆதாரத்துக்கென்று ஒரு முழுப் பக்கம்.
பற்றுச்சீட்டு: எல்லாம் முதலாளி பெயரில்.
படம்: மோட்டர் இருக்கிறது, நான் இல்லை.
எடுத்தது நான்.
தொழில் வழங்குநரின் கடிதம்:
கேட்டேன்.
கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

"பதினாலு வருசம் எண்டு எழுதினா
பதினாலு வருசத்துச் சேமலாப நிதி எங்க எண்டு
லேபர் ஒஃபிஸ் வந்து நிக்கும் பிள்ளை.
உனக்குத் தெரியாத கணக்கா?"

தெரியும்.
அந்தக் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்.

மருதானையில் ஒரு மேல்மாடி.
மதிப்பீட்டாளர் இலேபெரும
சிங்களத்தில் கேட்டார், சிங்களத்தில் சொன்னேன்.
சுற்று எண்ணும்போது மட்டும்
உதடு தமிழுக்குப் போய்விட்டது.
ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு...
அவர் குறுக்கே பேசவில்லை.

இந்த இணைப்பு ஏன் இப்படி என்றார்.
மாற்றிக் கொடுத்தால் உறுமும் என்றேன்.
ஏன் உறுமும் என்றார்.
அது எனக்குத் தெரியாது.
தெரியாது என்றதையும் எழுதிக்கொண்டார்.

கடிதம் இல்லாத இடத்தில்
பதினொரு கொப்பிகளை வைத்தேன்.
வார்னிஷ் பட்டு ஒட்டிக்கொண்ட தாள்கள்.
ஸ்லொட், சுற்று, கேஜ்,
யாருடைய மோட்டர், எதனால் எரிந்தது:
வற்றிய கிணறு. எலி.
கரண்ட் வந்து வந்து போனது.
மகளின் கல்யாணம், இரண்டு நாள் நிறுத்தவேயில்லை.

"கொப்பியில் பெயர் இல்லையே" என்றார்.
பிறகு என்ன நினைத்தாரோ
விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.
என் அடையாள அட்டை இலக்கத்தில் இரண்டு ஏழுகள்.
இரண்டுக்கும் இடுப்பில் ஒரு கோடு.

"ஏழை இப்படிப் போடுவது நீங்கள்தானா?"

"ஒன்றென்று வாசித்தால் மோட்டர் எரியும் சேர்."

கொப்பி கொப்பியாகப் புரட்டினார்.
ஏழு வந்த பக்கமெல்லாம் ஒரு கையொப்பம்.
மின்விசிறியில் தாள்கள் அடித்துக்கொண்டன.
தேத்தண்ணி ஆறியது. அவருடையதும்.

பாதுகாப்புப் பகுதியில் மட்டும்
இன்னும் தேர்ச்சி இல்லை.
கையுறை போட்டால் கம்பி பேசாது என்றேன்.
சட்டம் பேசும் என்றார்.
வாங்கிக்கொண்டு இன்னொரு முறை போனேன்.

லெவல் நான்கு.
செபமாலை அனஸ்தீசியா,
ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை.
பஸ்ஸில் மூன்று தரம் பார்த்தேன்.
ஆமர் வீதிச் சந்தியில் இறங்க மறந்தேன்.

இப்போது ஓர் ஆஸ்பத்திரி டெண்டர் வந்திருக்கிறது,
தகுதிச் சான்றிதழ் உள்ள ஆள் வேண்டுமாம்.
கல்லாப்பெட்டிக்கு மேலே, பிள்ளையாருக்குப் பக்கத்தில்
முதலாளி தானே ஏறி ஆணி அடித்தார்.

"எங்கட சேர்ட்டிபிக்கட் எங்க பிள்ளை?"

எங்கட.

அந்தக் கடிதத்தை நானே டைப் செய்து
மேசையில் வைத்திருக்கிறேன்.
ஒரேயொரு இடம் வெற்றிடம்.
திகதியை நீங்களே போடுங்கோ என்றேன்.
கண்ணாடியைக் கழற்றினார்.

டெண்டர் மூடுவது வெள்ளிக்கிழமை.
ஆணியில் இப்போதைக்கு
என் குடை தொங்குகிறது.